மார்க்கா, ரேங்க்கா?

நேயர்களுக்கு வணக்கம். கடலூரானாலும் சரி பாண்டிச்சேரியானாலும் சரி, ரிசல்ட் வந்த உடனே பெத்தவங்க கேக்குறது ஒண்ணுதான், சார் மார்க்கு முக்கியமா என்ட்ரன்ஸ் முக்கியமான்னு. அது எந்த காலேஜுன்றத பொறுத்துதாங்க.

தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல, அண்ணா யுனிவர்சிட்டியோட கிண்டி காலேஜே வேணும்னாலும் ப்ளஸ் டூ மார்க்குதான், நுழைவுத்தேர்வ 2007லயே தூக்கிட்டாங்க. கட் ஆஃப் 200க்கு, மேத்ஸ் அப்படியே 100, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் பாதி பாதி. மேத்ஸ் 96, பிசிக்ஸ் 90, கெமிஸ்ட்ரி 88 எடுத்தா 96ம் 45ம் 44ம் சேர்த்து 185. அப்ப மேத்ஸ்ல ஒரு மார்க் விட்டா முழுசா போச்சு, பிசிக்ஸ்ல விட்டா அரைதான், இத பதினொண்ணாவது சேரும்போதே பிள்ளைங்களுக்கு சொல்லிடணும்.

நம்ம காரைக்கால் என்ஐடிக்கு இந்த கணக்கு எடுபடாது, அங்க ஜேஇஇ மெயின்ற ஆல் இந்தியா என்ட்ரன்ஸ் ரேங்க்தான். ப்ளஸ் டூல 75 சதவீதம், எஸ்சி எஸ்டிக்கு 65, இல்லன்னா உங்க போர்டுல டாப் 20 பர்சன்டைல்ல இருக்கணும், அது உள்ள விடுறதுக்கு மட்டும்தான், ரேங்க்ல சேராது. 2013லருந்து 2016 வரைக்கும் போர்டு மார்க்குக்கு 40 சதவீதம் சேர்த்தாங்க, 2017ல எடுத்துட்டாங்க. எடுத்துருக்கவே கூடாது. கோச்சிங்குக்கு லட்சக்கணக்குல கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை ஸ்கூல்ல ரெண்டு வருஷம் ஒழுங்கா படிச்சதுக்கு அதுல ஒரு மதிப்பு இருந்துச்சு.

பாண்டிச்சேரி ஜிப்மர் மெடிக்கல் காலேஜும் 2019 வரைக்கும் தனியா பரீட்சை வெச்சுது, அப்புறம் நீட்தான்.

அமெரிக்கால எம்ஐடி கொரோனாவுல நிறுத்துன எஸ்ஏடின்ற அவங்க ஊரு பொது என்ட்ரன்ஸ் ஸ்கோர 2022ல திரும்ப கேக்க ஆரம்பிச்சாங்க, பெரிய பெரிய பாடமெல்லாம் இல்லாத ஸ்கூல்ல இருக்கற திறமசாலிய கண்டுபிடிக்க அது உதவுதுன்னு காரணம் சொன்னாங்க. ஆனா அங்க ஸ்கோர மட்டும் பாக்கறதில்ல, அந்தப் பையன் எந்த ஸ்கூல், அங்க என்ன வசதி இருந்துச்சுன்னும் சேர்த்து பாக்குறாங்க. நம்ம ரேங்க் லிஸ்ட்டுக்கு அதெல்லாம் தெரியாது, பண்ருட்டி பக்கத்து கவர்ன்மெண்ட் ஸ்கூல் பொண்ணும் சென்னைல ரெண்டு வருஷம் கோச்சிங் போன பையனும் அதுல வெறும் நம்பர்.

அதனாலதான் கவர்ன்மெண்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்குன்னு தமிழ்நாட்டுல 2020ல மெடிக்கலுக்கும் அடுத்த வருஷம் இன்ஜினியரிங்குக்கும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டயும், இங்க பாண்டிச்சேரில அட்மிஷன் நடத்துற சென்டாக்ல மெடிக்கலுக்கு இருக்கற 10 சதவீதத்தயும் நான் ரொம்ப பெருசா நினைக்கிறேன். தமிழ்நாட்டுப் பிள்ளைங்க ஆறாவதுலருந்து கவர்ன்மெண்ட் ஸ்கூல்ல படிச்சதுக்கு சர்டிபிகேட் கேப்பாங்க, நடுவுல ஸ்கூல் மாறிருந்தா ஒவ்வொரு ஸ்கூல்லயும் இப்பவே போய் வாங்கி வெச்சுக்குங்க.