அந்த 12 மைல்! துப்பாக்கியோடு மாநிலம் மாறுகிறீர்களா? கிளம்பும் முன் இதைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே! அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸில் இருக்கும் ஒருவருக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சாமான்கள் லாரியில் போய்விட்டன, அவர் காரில் கிளம்புகிறார். இடுப்பில் குண்டு போட்ட கைத்துப்பாக்கி, பர்ஸில் அதை எடுத்துச்செல்ல டெக்சாஸ் கொடுத்த லைசென்ஸ், அதாவது பெர்மிட். இன்டர்ஸ்டேட் 81 நெடுஞ்சாலையைப் பிடித்து வர்ஜீனியா தாண்டி, மேற்கு வர்ஜீனியாவும் தாண்டி, போடோமக் ஆற்றுப் பாலத்தில் ஏறுகிறார்.

[திரையில் வரைபடம்: பாலத்துக்கு அந்தப் பக்கம் சிவப்பு நிறத்தில் ஒரு சின்னத் துண்டு]

அந்தச் சிவப்புத் துண்டு மேரிலாந்து. இந்தச் சாலை அங்கே ஓடுவது வெறும் 12 மைல், இரண்டு மூன்று பாட்டு கேட்டு முடிப்பதற்குள் பென்சில்வேனியா வந்துவிடும். ஆனால் மேரிலாந்து வேறு எந்த மாநிலத்தின் பெர்மிட்டையும் ஏற்பதில்லை. அதனால் காலையில் வீட்டை விட்டு இறங்கும்போது சட்டப்படி நடந்த அதே மனிதர் அந்த 12 மைலுக்குக் குற்றவாளி. அவர் எதையுமே மாற்றவில்லை, காலடியில் இருந்த மாநிலம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டிரைவிங் லைசென்ஸ் ஒரு மாநிலத்தில் வாங்கினால் ஐம்பதிலும் செல்லும், துப்பாக்கி பெர்மிட் செல்லாது. 2024 கணக்குப்படி 29 மாநிலங்களில் பெர்மிட்டே வேண்டாம். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல் அப்படித்தான். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம், துப்பாக்கி எடுத்துச்செல்ல தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் நிபந்தனையை ரத்து செய்தது. நாடு முழுக்க ஒரே சட்டம் வந்துவிட்டது என்று பலர் இதைப் புரிந்துகொண்டார்கள், அது தவறு. பெர்மிட் கேட்கும் அதிகாரம் மாநிலங்களிடம் அப்படியே இருக்கிறது.

அப்படியானால் வழியில் எப்படிக் கொண்டுபோவது? 1986-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம், அதாவது மத்திய அரசின் சட்டம் ஒன்று இருக்கிறது. புறப்படும் இடத்திலும் போய்ச்சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை நீங்கள் வைத்திருப்பதும் எடுத்துச்செல்வதும் சட்டப்படி சரி என்றால், நடுவில் உள்ள மாநிலங்களை நீங்கள் கடக்கலாம். குண்டு கழற்றியிருக்க வேண்டும், துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டாமல் டிக்கியில் இருக்க வேண்டும். எஸ்யூவி மாதிரி டிக்கி தனியாக இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில் வையுங்கள். முன்சீட்டு எதிரே இருக்கும் க்ளவ் பாக்ஸைப் பூட்டி வைத்தாலும் அது கணக்கில் வராது, சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது.

இப்போது எனக்கு மனசே ஆறாத கதைக்கு வருகிறேன். 2005. யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவர் விமானத்தில் பென்சில்வேனியா போகிறார். துப்பாக்கி ஒரு பூட்டிய பெட்டியில், தோட்டா இன்னொரு பூட்டிய பெட்டியில், இரண்டையும் முறைப்படி அறிவித்து லக்கேஜில் போட்டுவிட்டார். நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் விமானம் மாற வேண்டும், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டார். மாற்றாகப் பஸ்ஸில் ஏற்றுகிறார்கள், பார்த்தால் அவருடைய பெட்டி பஸ்ஸில் இல்லை. இறங்கிப் பெட்டியைத் தேடி எடுப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது! வேறு வழியில்லாமல் பெட்டியோடு விமான நிலைய ஹோட்டலில் ஒரு ராத்திரி தங்குகிறார். காலையில் கவுன்டரில் வந்து, 'என் பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது' என்று அவரே சொல்கிறார்.

கைது செய்தார்கள். நியூ ஜெர்சி பெர்மிட் இல்லை என்பதுதான் காரணம்.

வழக்கைப் பிறகு கைவிட்டார்கள், ஆனால் அதற்கு முன்பே சிறையில் நாட்கள் போய்விட்டன. நஷ்டஈடு கேட்டு அவர் போட்ட வழக்கில் 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? பெட்டி உங்கள் கைக்கு வந்து ராத்திரி முழுக்க எட்டும் தூரத்தில் இருந்தது, அதனால் 1986 சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. அவர் தவறு செய்யாமலே சிக்கிக்கொண்டார் என்பதை நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். என் கருத்து, இது அநியாயம். ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான். அதனால் இடம் மாறும் பயணத்தில் எந்த ஊரில் இரவு தங்குகிறீர்கள் என்பதை முதலிலேயே பார்த்து முடிவு செய்யுங்கள்.

அதே நியூ ஜெர்சியில் 2013-ல் பிலடெல்பியாவைச் சேர்ந்த, இரண்டு குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு பெண், பென்சில்வேனியா பெர்மிட் இங்கேயும் செல்லும் என்று நம்பி, காரை நிறுத்திய போலீஸிடம் தானாகவே துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். அவரும் கைதானார், மூன்றரை ஆண்டு சிறை காத்திருந்தது. 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு மன்னிப்பு கொடுத்தார்.

சரி, போய்ச் சேர்ந்த பிறகு? பல மாநிலங்களில் கெடு உண்டு. கலிபோர்னியாவில் 60 நாளுக்குள் துப்பாக்கி விவரம் தெரிவிக்க வேண்டும், இல்லினாயில் 60 நாளுக்குள் துப்பாக்கி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இல்லினாயில் மறைத்து எடுத்துச்செல்லும் லைசென்ஸுக்கு 16 மணி நேரப் பயிற்சி தனி. அப்புறம் பள்ளிக்கூடம். பள்ளியிலிருந்து 1000 அடிக்குள் குண்டு போட்ட துப்பாக்கியோடு போவது கூட்டாட்சிக் குற்றம். அந்தப் பள்ளி இருக்கும் மாநிலம் கொடுத்த லைசென்ஸ் இருந்தால்தான் விலக்கு, பழைய மாநில லைசென்ஸ் உதவாது. பெர்மிட்டே வேண்டாம் என்கிற மாநிலத்தில்கூட லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இங்கே ஒரு நிமிடம் தயவுசெய்து கவனியுங்கள், நம் ஆட்கள் நிறையப் பேர் எச்-1பி, எல்-1 (வேலை), எஃப்-1 (படிப்பு) விசாவில் இருக்கிறீர்கள். இந்த விசாக்களில் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒரு சில விலக்குகள் உண்டு, மற்றபடி 15 ஆண்டு வரை சிறை. நண்பர்களோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் வைத்திருப்பதில்தான் சேரும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

நீங்கள் எந்த மாநிலத்திலிருந்து எங்கே மாறுகிறீர்கள் என்று கமெண்ட்டில் எழுதுங்கள். அதிகம் பேர் கேட்கும் வழித்தடத்தை எடுத்து, வழியில் வரும் ஒவ்வொரு மாநில எல்லையையும் அடுத்த வீடியோவில் வரைபடத்தோடு பார்த்துவிடலாம்.