நடு ராத்திரியில் அடித்த மணி

நேயர்களுக்கு வணக்கம்.

‘சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தய்யங்கார் அப்பணையா?’ என்று ஒரு பழமொழி உண்டு. ஊருக்கே பொதுவான சோற்றைத் தின்ன எவரிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்று அர்த்தம். சின்ன வயதில் பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் அந்தத் தாத்தய்யங்கார் யார் என்றுதான் யோசித்தேன். சத்திரம் எப்படிப்பட்ட இடமாக இருந்திருக்கும் என்ற யோசனை, ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரத்து வாசலில் நின்றபோதுதான் வந்தது.

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் இருபது கிலோமீட்டர் தாண்டியதும் ஒரத்தநாடு. காலையில் தஞ்சையை விட்டு நடக்கத் தொடங்கியவனுக்கு, பொழுது சாயும் நேரத்தில் கால் கெஞ்சுகிற தூரம். இது இராமேசுவரம் போகிறவர்களின் வழி. இதே வழியில் ராஜாமடம், மணமேல்குடி, மீமிசல் என்று தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டினார்கள். கட்டியது ராஜாக்கள், ஆனால் பெயர்கள் பெண்களுடையவை: மோகனாம்பாள், திரௌபதாம்பாள், ராஜகுமாராம்பாள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள். ஊர் வாயில் அது முத்தம்பாள் ஆகிவிட்டது.

முத்தம்பாள் பட்டத்து ராணி இல்லை. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி முறைப்படி மணம் செய்யாமல் உடன் வாழ்ந்த பெண். தன் பெயரில் ஒரு சத்திரம் வேண்டும் என்று சாகும் தறுவாயில் கேட்டாள் என்பார்கள். அவளுக்கு ராஜா கட்டியது சமாதி மண்டபம் அல்ல. வழிப்போக்கன் வந்து கை நனைக்கும் இடம். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

கட்டடத்துக்கு வருவோம். முகப்பின் அடித்தளம் தேர் போல அமைந்தது. சக்கரங்கள், இழுத்துப் போகும் குதிரைகள், யானைகள். நாள் முழுக்க நடந்து வந்தவனை ஏற்றி உட்கார வைக்க ஒரு தேர்! உள்ளே போனால் அரண்மனை பாணி குறைந்து, நம் டெல்டா வீடுகளின் புத்தி தெரியும். முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், மரத்தூண்கள், மேலே மாடி. முற்றம் வழியாக வெளிச்சமும் காற்றும் இறங்கும், மழைத் தண்ணீரும் இறங்கும். இத்தனை பேருக்குச் சோறு வடிக்கும் இடத்தில் புகையும் வெக்கையும் வெளியேறாவிட்டால் எவன் தங்குவான்?

ஒருமுறை பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் கொத்தனார் ஒருவர் என்னோடு வந்தார். கரண்டிக் காம்பால் சுவரை மெல்லத் தட்டிக்கொண்டே போனார். பழைய சுண்ணாம்புப் பூச்சில் கெட்டியான சத்தம். பிற்காலத்தில் யாரோ சிமெண்ட் வைத்து ஒட்டுப்போட்ட இடத்தில் ‘டொக்’. “சிமெண்ட் ஈரத்தை வெளிய விடாது சார். உள்ளேயே பூக்கும். அப்புறம் செங்கலையும் சேத்து உதுத்துடும்” என்றார். சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசத் தெரிந்த ஆள் இன்று சுலபத்தில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அவசரத்துக்கு ஆகாது. பழைய கட்டடங்களுக்கு இடியும் மழையும் செய்த கெடுதலைவிட, நல்லெண்ணத்தோடு பூசிய சிமெண்ட் செய்த கெடுதல் அதிகம் என்பது என் கட்சி.

சரி, சத்திரத்துக்குள் என்னதான் நடந்தது? அதைத் தெரிந்துகொள்ள சரபோஜியின் ஒரு கடிதம் இருக்கிறது. 1799 ஒப்பந்தத்தில் தஞ்சை ராஜ்யம் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. ராஜாவுக்கு மிஞ்சியது கோட்டையும், வருஷத்துக்கு ஒரு லட்சம் வராகன் பொற்காசும், வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும்தான். அந்த நிலையில், சத்திரங்களை மட்டும் தம் நிர்வாகத்தில் விட்டுவிடும்படி 1801-இல் அவர் கும்பினியின் பிரதிநிதியாகத் தஞ்சையில் இருந்த ஆங்கிலேய ரெசிடெண்ட் டோரினுக்கு எழுதினார். அப்போது அவருக்கு வயது 23. முத்தம்பாள் சத்திரம் எழுந்ததும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். ஆகவே இந்தக் கடிதத்தை அதன் வரைபடம் என்றே படிக்கலாம்.

கடிதம் சொல்வது இது: யார் வந்தாலும் சோறு. சமைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்பவருக்கு அரிசி, பருப்பு, மளிகை எல்லாம் உலுப்பையாக, அதாவது சமைக்காத பண்டமாகவே. நடு ராத்திரி வரை பரிமாறல். அப்புறம் மணி அடித்து, ‘இன்னும் சாப்பிடாதவர்கள் வரலாம்’ என்று கூவி அழைப்பார்கள். நோயாளிக்கு வைத்தியரும் மருந்தும், தேறிப் புறப்படும்போது வழிச்செலவும். கைக்குழந்தைக்குப் பால். கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை கவனிப்பு. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்குப் படிப்பு. வழியில் செத்தவனுக்கு அவன் சாதி முறைப்படி அடக்கம். சாதி பார்க்காத இடம் என்று மட்டும் மெழுகிவிட முடியாது. சமைத்தது, சமைக்காதது என்ற பிரிவிலேயே அது இருக்கிறது. ஆனால் வாசலில் எவரையும் திருப்பி அனுப்பவில்லை.

இதற்கெல்லாம் பணம்? சத்திரங்களுக்கென்று கிராமங்களின் வருமானம் ஒதுக்கப்பட்டிருந்தது. வரவு செலவெல்லாம் மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் கட்டுக் கட்டாக எழுதப்பட்டது. ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் பள்ளிக்கூடமும் நடந்தது. தமிழ், தெலுங்கு, மராத்தி, சமஸ்கிருதம், பாரசீகம், இங்கிலீஷ் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பாதிரியார் ஷ்வார்ட்ஸிடம் படித்த ராஜா, பாடத்திலும் சிக்கனம் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அப்புறம் ரயில் வந்தது. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும், இராமேசுவரத்துக்கு நடக்க வேண்டிய அவசியமே போயிற்று. நடக்கிறவன் இல்லாத சாலையில் சத்திரத்துக்கு என்ன வேலை? இதில் ஒரு வேடிக்கை, அந்த ரயில் ஒரத்தநாட்டுக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

பஸ்ஸில் போனால் தேர்ச் சக்கரத்தைப் படம் பிடித்துக்கொண்டு வாசலோடு திரும்பிவிடாதீர்கள். அங்கே போகும் ஒவ்வொரு தடவையும் நான் கொஞ்ச நேரம் நின்று, ராத்திரி அடித்த மணி எவ்வளவு தூரம் கேட்டிருக்கும் என்று கணக்குப் போடுவேன். கடைத்தெரு தாண்டி, வயல் வரை கேட்டிருக்குமா? பட்டுக்கோட்டை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். கணக்கு தப்பிப்போகும்.

வணக்கம்.