மீன் வளரும், தொட்டி வளராது

நேயர்களுக்கு வணக்கம். வண்ண மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஓரடித் தொட்டியில் எத்தனை மீன் விடலாம்?" தொட்டியை மாற்றுங்கள் என்றால் முகம் சுருங்கிவிடும். பழகும்வரை சின்னதாக இருக்கட்டுமே என்பார்கள். சின்னதுதான் கஷ்டம்!

ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. குடத்தில் போட்டால் லேசாகக் கரிக்கும், அவ்வளவுதான். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அம்மோனியாவும் அப்படித்தான். தண்ணீர் குறைய குறைய, நம் தவறுக்கு இடமும் குறையும்.

நானும் மாட்டிக்கொண்டவன்தான். மகளுக்காகக் கொளத்தூர் போனேன். சென்னைக்காரர்களுக்குத் தெரியும், வரிசையாக மீன் கடைகள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு தொட்டி. விளிம்புவரை ஊற்றினாலே 56 லிட்டர்தான்; கல், மணல் போக இன்னும் குறைவு. பத்துப் பன்னிரண்டு மீனோடு, விரல் நீளத்தில் ஒரு சக்கர் மீன். "பாசியைத் தின்னுடும் சார், கண்ணாடி பளிச்சுனு இருக்கும்" என்றார் கடைக்காரர்.

இரண்டு வருஷத்தில் அது ஒரு சாணைத் தாண்டிவிட்டது. திரும்பும்போதெல்லாம் வால் கண்ணாடியில் இடிக்கும். நட்ட செடியெல்லாம் மிதக்கும். அது தின்ற பாசியைவிடப் போட்ட கழிவு அதிகம். "கண்ணாடி துடைக்க ஆள் வெச்சீங்க, அந்த ஆளுக்குப் பின்னாடி துடைக்க யாரு?" என்றாள் என் மனைவி. ஏரியில் விட்டுவிடு என்றார் ஒரு நண்பர். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நம் ஏரிகளில் சக்கர் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது. கடைசியில் அந்த ஒரு மீனுக்காக நாலடித் தொட்டி வாங்கினேன். பதினைந்து ரூபாய் மீன்!

அதனால் சொல்கிறேன், கடையில் பார்க்கும் அளவை நம்பாதீர்கள். முழுதாக வளர்ந்தால் எவ்வளவு என்று கேளுங்கள். சில்வர் ஷார்க் என்கிற வண்ண மீனும் குட்டியில் அழகுதான், வளர்ந்தால் ஓரடி.

சரி, ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிறது என்று கையைக் காட்டுகிறார்கள். பல வகை மீன்களைக் கலந்து வளர்ப்பதற்கு நான் சொல்வது மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்; ஏறக்குறைய 190 லிட்டர். உயரத்தைவிட நீளமும் அகலமும் முக்கியம். நீந்த இடம் கிடைக்கும், காற்றுபடும் மேற்பரப்பும் கூடும். நியான் டெட்ரா, கோரி மாதிரி சின்ன மீன்களை எல்லாம் ஆறுக்குக் குறையாமல் கூட்டமாக விடுங்கள். ஏஞ்சல் மீனோடு நியானைச் சேர்க்காதீர்கள், வளர்ந்த ஏஞ்சல் விழுங்கிவிடும். அப்புறம் ஸ்டாண்டு. அந்தத் தண்ணீர் மட்டுமே 190 கிலோ, டீப்பாய் தாங்காது. கப்பி மீன் குட்டி போடுவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன்... நேரமில்லையாம். வணக்கம்.