மலை ஊருக்கு முதல்ல எது வேணும்: கேபிளா, கடைசி பஸ்ஸா?

வணக்கம்ங்க. இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டி பக்கமோ தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கமோ ஒரு மலை ஊரு. அரசாங்கத்துக்கிட்ட அந்த ஊருக்குன்னு கொஞ்சம் பணம் இருக்கு. அத இன்டர்நெட்டுக்குப் போடணுமா, பஸ்ஸுக்குப் போடணுமா? என் பதில முன்னாடியே சொல்லிடறேன். புதுசா வர்ற பணம் பஸ்ஸுக்குப் போகணும். இன்டர்நெட்டுக்கு, ஏற்கெனவே இழுத்த கேபிள் சாகாம பாத்துக்கற செலவ மட்டும் கண்டிப்பா ஒதுக்கணும். ஏன்னு கணக்குப் போட்டே பாப்போம்.

முதல்ல ஒரு விஷயம் புரியணும். இது ரெண்டும் ஒரே பையில இருந்து வர்ற பணம் இல்ல. கிராமத்துக்கு ஃபைபர், அதாவது இன்டர்நெட் கேபிள், கொண்டு போற பாரத்நெட் திட்டத்துக்கு மத்திய அரசோட டிஜிட்டல் பாரத் நிதியில இருந்து காசு வருது. டெலிகாம் கம்பெனிங்க அவங்க வருமானத்துல 5 சதவீதம் கட்டற பணம் அது. அத எடுத்து பாலக்கோட்டுக்கு ஒரு டவுன் பஸ் வாங்க முடியாது. பஸ்ஸுக்கு மாநில பட்ஜெட்டுதான் கதி. மகளிர் இலவசப் பயணத்துக்கு மட்டும் 2025-26 பட்ஜெட்ல 3,600 கோடி ஒதுக்கியிருக்காங்க. அதனால "நெட்ட நிறுத்திட்டு பஸ் விடு"ன்னு பொத்தாம்பொதுவா கேட்டா பிரயோஜனம் இல்ல. மாநிலத்தோட சொந்தப் பணத்துக்குத்தான் இந்தக் கேள்வி.

இப்ப கணக்கு. தமிழ்நாட்டுல பாரத்நெட் ரெண்டாம் கட்டம் 12,525 ஊராட்சிக்கு, மதிப்பீடு சுமார் 1,800 கோடி. வகுத்தா ஒரு ஊராட்சிக்கு 14 லட்சத்துக்கு மேல வருது. பஸ்ஸுக்கு வருவோம். 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு விட்ட வெள்ளை அறிக்கையில, அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினா 59 ரூபா 15 காசு நஷ்டம்னு இருக்கு. ஒரு டவுன் பஸ் நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடுதுன்னு வைங்க. வருஷத்துக்கு 73,000 கிலோமீட்டர். நஷ்டம் 43 லட்சம். அதாவது ஒரு பஸ்ஸோட ஒரு வருஷ நஷ்டத்துல மூணு ஊராட்சிக்கு ஃபைபர் போட்டுடலாம்.

இத வச்சுத்தான் "பஸ் தண்டச் செலவு"ன்னு நிறைய பேரு பேசறாங்க. அந்த எடத்துலதான் கணக்கு தப்பாகுது. அந்த 59 ரூபா மொத்த சராசரி. பழைய கடனுக்கு வட்டி, ஆபீஸ் சம்பளம், தேய்மானம் எல்லாத்தையும் ஓடின கிலோமீட்டரால வகுத்து வர்ற தொகை. ஏற்கெனவே ஓடற வண்டி, டூட்டியில இருக்கற டிரைவர் கண்டக்டர், இவங்கள வச்சு சாயந்திரம் ஒரு நடை கூட்டினா என்ன ஆகும்? போக 20, வர 20 கிலோமீட்டர். லிட்டருக்கு 5 கிலோமீட்டர்னா 8 லிட்டர் டீசல். லிட்டர் 93 ரூபான்னா 744 ரூபா. டயர், ஆயில் தேய்மானம் சேத்தாலும் ஆயிரத்து சொச்சத்துக்குள்ள முடிஞ்சிடும். டூட்டி நேரம் தாண்டினா மட்டும் ஓவர்டைம் சேரும். ஒரு ஊரோட வாழ்க்கைய மாத்தறதுக்கு நாளைக்கு ஆயிரம் ரூபாங்க. இத நான் சும்மா விட மாட்டேன், திரும்பத் திரும்ப சொல்லுவேன்.

ஏன்னா மலை ஊர்ல பஸ்ஸே இல்லங்கறத விட, காலையில முதல் பஸ் லேட்டா வர்றதும் சாயந்திரம் கடைசி பஸ் சீக்கிரம் போறதும்தான் பெரிய பிரச்சனை. பென்னாகரம் அரசு கலைக் கல்லூரியிலயோ காரிமங்கலம் மகளிர் கல்லூரியிலயோ படிக்கற பொண்ணு கடைசி பஸ்ஸ விட்டா ஷேர் ஆட்டோதான், அதுவும் மெயின் ரோடு வரைக்கும்தான். ரெண்டு மூணு தடவை அப்படி ஆனா வீட்ல படிப்ப நிறுத்தச் சொல்லிடறாங்க. இதுக்கு இருக்கற நல்ல தீர்வு நைட் ஹால்ட் பஸ். ராத்திரி கடைசி நடை ஊர்லயே நிக்கும், விடியக்காலம் அதே வண்டி முதல் நடையா கிளம்பும். டெப்போவுக்கு ஆள் இல்லாம காலியா ஓடற கிலோமீட்டரும் மிச்சம். பூ மூட்டையோட தர்மபுரி பூ மார்க்கெட்டுக்குப் போறவங்களுக்கும் அந்த வண்டிதான் உயிர். ஆனா டிரைவர் கண்டக்டருக்கு தங்க ஒரு ரூம், கக்கூஸ், தண்ணி இருக்கணும். இந்த மூணும் இல்லாமத்தான் பல ஊர்ல ஹால்ட் நின்னு போகுது. ஊராட்சி நெனச்சா இத செஞ்சு குடுக்கலாம்.

சரி, நெட் வந்தா பயணமே கொறையும்ல? கொறையும், உண்மைதான். ஜாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா சிட்டா, இதுக்கெல்லாம் தாலுகா ஆபீஸுக்கு நாலு தடவை அலைஞ்ச காலம் போச்சு. இ-சஞ்சீவனிங்கற அரசு ஆன்லைன் சேவையில டாக்டர்கிட்ட பேசலாம். ஆனா டயாலிசிஸ், பிரசவம், எக்ஸ்ரே, இதுக்கெல்லாம் போலுப்பள்ளியில இருக்கற கிருஷ்ணகிரி மெடிக்கல் காலேஜுக்கோ தர்மபுரி ஆஸ்பத்திரிக்கோ ஆளுதான் போகணும். ராயக்கோட்டை தக்காளி விலைய போன்ல பாத்துடலாம், தக்காளிப் பெட்டி ரோட்லதான் போகும். கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயிலும் கிடையாது. திருப்பத்தூர்ல இருந்து வந்துட்டிருந்த சின்ன லைன வெள்ளைக்காரன் காலத்துலயே எடுத்தாங்க, அதோட சரி. எல்லாமே பஸ்ஸ நம்பித்தான்.

இன்டர்நெட் பக்கம் பணம் எங்க வீணாகுதுன்னு சொல்றேன். கேபிள் பெரும்பாலும் ஈபி கம்பத்து மேலதான் வருது. கம்பம் மாத்தறப்போ ஃபைபர அவுத்துக் கீழ போட்டுட்டுப் போயிடறாங்க. காத்துல கிளை விழுது. தொய்ஞ்சு தொங்கற கேபிள்ல வைக்கோல் லாரி மாட்டுது. அறுந்தா அறுந்த எடம் எத்தனையாவது மீட்டர்னு ஓடிடிஆர் மெஷின் காட்டிடும், ஒட்டறதுக்கு ஸ்ப்ளைசிங் மெஷினும் பழகின ஆளும் வேணும். நல்லா ஒட்டினா ஒரு ஜாயின்ட்டுக்கு 0.1 டெசிபல் சிக்னல் இழப்பு (டெசிபல்ங்கறது அந்த இழப்ப அளக்கற அளவு), அழுக்கோட ஒட்டினா 0.5 வரைக்கும் போகும்.

ஊராட்சி ஆபீஸ்ல இருந்து குக்கிராமத்துக்கு, வீட்டுக்கு வீடு இழுக்கறப்போ இது ரொம்ப முக்கியம். ஒரே ஃபைபர பல வீட்டுக்குப் பிரிச்சுக் குடுக்கற ஜிபான் லைன்ல மொத்தமா 28 டெசிபல் இழப்புதான் தாங்கும். ஒரு லைன 32ஆ பிரிக்கற 1:32 ஸ்ப்ளிட்டர் ஒண்ணே 17 சாப்பிடும். 20 கிலோமீட்டர் கேபிளுக்கு 7. ஆச்சு 24. கனெக்டர், ஜாயின்ட்டுக்கு 2 போனா மிச்சம் 2தான். மோசமா நாலு தடவை ஒட்டினா அதுவும் காலி. அப்புறம் கேபிள் முழுசா இருக்கும், மோடத்துல சிவப்பு லைட்டுதான் எரியும். அதனால தூரமான குக்கிராமத்துக்கு 1:32 போடாதீங்க, 1:8 போதும். அதுல இழப்பு பத்து பத்தரைதான்.

இன்னொண்ணு கரண்ட். ஊராட்சி ஆபீஸ்ல இருக்கற இன்டர்நெட் கருவிங்க எல்லாம் சேந்து 30 வாட் இழுக்குதுன்னு வைங்க. 12 வோல்ட் 7 ஏஎச் (பேட்டரி எவ்வளவு கரண்ட தேக்கும்ங்கற அளவு) பேட்டரி ரெண்டு மணி நேரம் கூட நிக்காது. 42 ஏஎச் போட்டா பன்னண்டு மணி நேரம் கிட்ட வரும். மலையில மழை நேரத்துல கரண்ட் போனா ராத்திரி பூரா வராது, அதனால 42தான் வேணும். பேட்டரிய ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். இதுக்கு யார் பில் போடறதுன்னு தெளிவா எழுதி வைக்கணும். 14 லட்சம் போட்டது சில ஆயிரம் ரூபா பேட்டரி இல்லாம படுத்துக் கெடக்கக் கூடாது. ஆபீஸ் பூட்டியிருந்தா சாவி யாருகிட்டன்னும் வெளியில எழுதி ஒட்டுங்க.

பஸ் கேக்கப் போறவங்களுக்கு இப்ப சொல்றேன். "பஸ்ல ஏற ஆள் இல்ல"ங்கறதுதான் முதல் பதிலா வரும். பஸ்ஸே வராத ஊர்ல டிக்கெட் மெஷின் கணக்கு எப்படி இருக்கும்? அதனால நீங்களே எண்ணுங்க. ஒரு வாரம், காலையில 5 முதல் 9, சாயந்திரம் 4 முதல் 9. ஷேர் ஆட்டோ, டூவீலர் பின்சீட்டு, நடந்து போறவங்க எல்லாத்தையும் மணி வாரியா எழுதுங்க. பெண்கள், மாணவர்கள் தனிக் கட்டம். மகளிர் பயணத்துக்கு அரசு போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் குடுக்குது, அதனால அவங்க எண்ணிக்கையும் வருமானம்தான்.

அடுத்தது ரோடு. பஸ் அகலம் ரெண்டரை மீட்டருக்கு மேல, நீளம் பதினொண்ணு கிட்ட. 3.75 மீட்டர் ஒத்த ரோடு இருந்தா ஓடும், ஆனா எதிர்ல வண்டி வந்தா ஒதுங்க அங்கங்க எடம் வேணும். கடைசி ஸ்டாப்ல திரும்பறதுக்கு 25 மீட்டர் அகல மைதானம் வேணும். இல்லன்னா ரிவர்ஸ் எடுக்கணும், ராத்திரியில அதுக்கு ஒத்துக்க மாட்டாங்க. ரோட்ட குறுக்க தாண்டற லோ டென்ஷன் கரண்ட் கம்பி 5.8 மீட்டர் உயரத்துல இருக்கணும், தாழ்ந்திருந்தா முன்னாடியே ஈபியில எழுதிக் குடுங்க. கொண்டை ஊசி வளைவுல பஸ்ஸோட பின்பக்கம் இடிக்கும், அங்க சின்ன வீல்பேஸ் வண்டி, அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல தூரம் கம்மியா இருக்கற வண்டி, கேளுங்க.

இதெல்லாம் இருந்தும் பெரிய பஸ் ஏறாதுன்னா மினி பஸ் இருக்கு. 2025ல வந்த புதுத் திட்டத்துல ரூட் 25 கிலோமீட்டர் வரைக்கும் இருக்கலாம், அதுல 65 சதவீதமாவது பஸ் போகாத வழியா இருக்கணும். ஆனா அத ஓட்டறது தனியார், பெண்களுக்கு இலவசம் கிடையாது. அத தெரிஞ்சுக்கிட்டு கேளுங்க.

கிராம சபையில தீர்மானம் போடுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறுல எது பக்கத்துல வருதோ அது. தீர்மான நகல், எண்ணின கணக்கு, ரோடு போட்டோ, மூணையும் சேத்து டெப்போ கிளை மேலாளருக்கு ஒண்ணு, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல ஒண்ணு. மனு நம்பர வாங்காம வெளிய வராதீங்க. மனுவுல "பஸ் வசதி வேண்டும்"னு மட்டும் எழுதாதீங்க. "இன்ன நம்பர் வண்டி, இத்தன மணி நடைய இத்தன மணிக்கு மாத்தி, ராத்திரி எங்க ஊர்ல ஹால்ட் போடணும்"னு எழுதுங்க.