சதை மக்கிய பிறகு சைனஸ் எப்படித் தெரிந்தது?

அடுத்த சந்தேகம். இடைக்கால இங்கிலாந்தில் பலருக்குத் தீராத சைனஸ் இருந்தது என்று போன வீடியோவில் சொன்னேன் இல்லையா? "சளியும் சதையும் எப்போதோ மக்கிப் போயிருக்குமே, வெறும் எலும்பை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

மூக்குக்கு இரண்டு பக்கமும், கன்னத்துக்கு உள்ளே, பக்கத்துக்கொரு காற்றறை இருக்கிறது. அந்த அறைக்குப் பெயர்தான் சைனஸ்; அதில் வரும் அழற்சியையும் நாம் சைனஸ் என்றே சொல்கிறோம். கண்ணுக்குக் கீழே, மேல் கடைவாய்ப்பல்லுக்கு மேலே. அதன் உள்சுவர் வழவழவென்று இருக்க வேண்டும். சளி தேங்கி, அழற்சி நாள்பட நீடித்தால் எலும்பு சும்மா இருக்காது. சுவரில் முள் முள்ளாகப் புது எலும்பு முளைக்கும், பொடிப்பொடியாகக் குழி விழும். உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகிவிடும். இரண்டு நாள் ஜலதோஷம் இப்படிப் பதியாது.

இதில் ஒரு வேடிக்கை, உடைந்த மண்டையோடுதான் இந்த வேலைக்கு வசதி. உள்ளே நேராகப் பார்க்கலாம். முழுசாக இருந்தால் என்டோஸ்கோப் என்ற மெல்லிய குழாய்க் கேமராவை நுழைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, ஏன் அந்த அறையில் சளி தேங்குகிறது? அதன் வடிகால் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. தொட்டியின் விளிம்பில் ஓட்டை போட்ட கதை. நாம் நிமிர்ந்து இருக்கும்போது உள்ளே உள்ள நுண்மயிர்கள்தான் சளியை மேலே தள்ளி வெளியேற்ற வேண்டும். புகை பட்டால் அவை சோர்ந்துவிடும்.

1995இல் மேரி லூயிஸ், சார்லட் ராபர்ட்ஸ், கீத் மான்செஸ்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள் வட இங்கிலாந்தின் யார்க்ஷயரில் இரண்டு இடத்து எலும்புகளை ஒப்பிட்டார்கள். யார்க் நகரத்தின் செயின்ட் ஹெலன் தேவாலயக் கல்லறையில் 55 சதவீதம் பேருக்கு இந்தத் தடயம். வாரம் பெர்சி என்ற கிராமத்தில் 39. நகரத்துப் பட்டறைகளின் புகையும் மாசும்தான் வித்தியாசத்துக்குக் காரணம் என்பது அவர்கள் கருத்து.

எனக்கு அந்த 39தான் உறுத்துகிறது. அவ்வளவு பட்டறைகள் இல்லாத ஊரிலும் பத்தில் நாலு பேர்! வீட்டுக்கு நடுவில் அடுப்பு, புகைபோக்கி கிடையாது. ஈர விறகை ஊதுகுழலால் ஊதிக் கண் கலங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அப்புறம், எல்லாப் பழியையும் புகை மேலேயே போடவும் முடியாது. கடைவாய்ப்பல்லின் வேர் அந்த அறையின் தரையை ஒட்டியே இருக்கிறது. பல் சொத்தையாகிச் சீழ் பிடித்தால், தரையை அரித்துக்கொண்டு உள்ளே போய்விடும். அப்படிப்பட்ட மண்டையோட்டில் பல்லுக்கு நேர் மேலே ஒரு துளை இருக்கும். அதனால் சைனஸைத் தேடுகிறவர்கள் பல்லையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.