ஒரே நாளில் வந்த படை

வணக்கம் நேயர்களே.

அயல்நாடுகள் சில ஒன்றுசேர்ந்து, ஆபத்து என்றதும் புறப்படக்கூடிய ஒரு பொதுப் படையை ஆயத்தமாக வைத்திருப்பது பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினாலே எனக்கு எங்கள் வீட்டுப் படலைதான் ஞாபகம் வருகிறது.

1987 யூலை 29ஆம் திகதி கொழும்பில் இலங்கை இந்திய ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த நாளே யாழ்ப்பாணத்துப் பலாலியில் இந்தியப் படையினர் வந்து இறங்கிவிட்டார்கள். உலகத்தில் வேறெந்த விரைவுப் படைக்கும் குறையாத வேகம் அது. ஊர் மாலை போட்டு வரவேற்றது. அந்த நாட்களில் ஒரு சிப்பாய் வெயிலில் களைத்துப்போய் எங்கள் படலையடியில் நின்று "பானி, பானி" என்று கேட்டார். அப்பாச்சி உள்ளே போய், ஒரு சிரட்டையில் பனம் பாணி கொண்டுவந்து கொடுத்தார். அவர் தண்ணீர் கேட்கிறார் என்று விளங்கிக் கிணற்றில் வாளியை விடுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டு பேர் முகத்திலும் அன்றைக்கு அன்புதான் இருந்தது, ஆனால் பாஷை இல்லை. ஒக்டோபர் 10ஆம் திகதி இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை தொடங்கியபோது, அதே பாஷையில்லாத இடைவெளி ஒவ்வொரு சென்றியிலும் மக்களின் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயமாகிவிட்டது. கடைசிப் படையினர் திருகோணமலையிலிருந்து கப்பலேறியது 1990 மார்ச் 24இல். அதற்கிடையில் எங்கள் சனம் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். இந்தியச் சிப்பாய்களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வீடு திரும்பவில்லை.

அது ஒரு நாட்டின் படை, பல நாடுகளின் கூட்டுப் படை அல்ல. ஆனாலும் அன்றைக்கு எங்களுக்கு வந்த கேள்விகளோடுதான் நான் மற்றப் படைகளையும் பார்க்கிறேன். யார் கூப்பிட்டு வருகிறார்கள்? எப்போது போவார்கள்? அவர்கள் பிழை விட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஐரோப்பாவை எடுப்போம். 2003இல் கொங்கோவின் புனியா நகரத்தில் இனக்கொலைகள் நடந்தபோது, பிரான்சின் தலைமையில் ஐரோப்பிய ஒன்றியப் படை ஒன்று அங்கே போனது. ஐக்கிய நாடுகள் படை பலப்படும்வரை, ஏறத்தாழ மூன்று மாதம் நின்று, சொன்ன தவணையில் திரும்பியது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் 'போர்க்குழுக்கள்' என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். ஒரு குழுவில் 1,500 பேர் அளவில் இருப்பார்கள். ஆறு மாதத்துக்கு இரண்டு குழுக்கள் முறை வைத்து ஆயத்தமாக நிற்க வேண்டும் என்பதுதான் தொடக்கத்து ஏற்பாடு. தீர்மானம் எடுத்து 10 நாளுக்குள் களத்தில் கால் வைக்க வேண்டும். முதலில் 30 நாள், தேவைப்பட்டால் 120 நாள் வரை நிற்கலாம். 2007 தொடக்கத்தில் இது முழு அளவில் நடைமுறைக்கு வந்தது.

அதில் ஒன்று நோர்டிக் போர்க்குழு. சுவீடன் தலைமையில் பின்லாந்து, எஸ்தோனியா, அயர்லாந்து, இவர்களோடு ஒன்றியத்தில் உறுப்பினரே இல்லாத நோர்வேயும் சேர்ந்தது. எங்கள் பிள்ளைகள் வாழும் ஒஸ்லோவும் ஸ்டொக்ஹோமும் ஒரே படைக்கு ஆள் கொடுத்தன. 2008, 2011, 2015 ஆகிய ஆண்டுகளில் இந்தக் குழு முறை காத்தது. 2011இல் அது ஆயத்தமாக நின்ற அதே மாதங்களில்தான் லிபியா பற்றியெரிந்தது. சுவீடன் தன் போர் விமானங்களை நேட்டோ நடவடிக்கைக்கு அனுப்பியது. போர்க்குழுவை யாரும் கூப்பிடவில்லை. நோர்டிக் குழு மட்டுமல்ல, இந்தப் போர்க்குழுக்களில் எதுவுமே இன்றுவரை ஒரு தடவைகூடக் களத்துக்கு அனுப்பப்படவில்லை.

ஏன்? ஆட்களும் ஆயுதமும் பயிற்சியும் குறைவில்லை. ஒன்றிய நாடுகள் எல்லாம் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும், அது ஒன்று. மற்றது காசு. செலவின் பெரும்பகுதி, எந்த நாட்டின் முறையோ அந்த நாட்டின் தலையில் விழுகிறது. எங்கள் கோயில் திருவிழாவில் உபயகாரர் தன்னுடைய முறை எப்போது வரும் என்று ஆசையோடு பார்த்திருப்பார். இங்கே முறை வந்த நாடு, தன் முறை முடிவதற்குள் எங்கேயும் ஒன்றும் நடந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு இருக்கும். 2022இல், 5,000 பேர் வரை அனுப்பக்கூடிய புதிய ஏற்பாடு ஒன்றுக்கு ஒன்றியம் இணங்கியது. ஒருமனதான சம்மதம் அதற்கும் வேண்டும்.

மேற்கு ஆபிரிக்காவில் கதை வேறு. கம்பியாவில் தேர்தலில் தோற்ற ஜனாதிபதி ஜாமே பதவி விலக மறுத்தார். 2017 ஜனவரி 19இல், மேற்கு ஆபிரிக்க நாடுகளின் அமைப்பான எகோவாஸின் படை எல்லை தாண்டியது. இரண்டு நாளில் அவர் நாட்டை விட்டே போய்விட்டார். அங்கே வென்றவர் யார் என்பது தெளிவாக இருந்தது, அவரே உதவியும் கேட்டார். ஆனால் அந்தப் படை பிறகும் பல வருடம் அங்கேயே நின்றது. அதே அமைப்பு 2023இல், நைஜரில் சதிப்புரட்சி செய்தவர்களுக்கு ஆட்சியைத் திருப்பிக் கொடுக்க ஒரு வாரத் தவணை கொடுத்து, தயார்நிலைப் படையை எழுப்பவும் உத்தரவிட்டது. படை போகவில்லை.

சரி, எங்கள் பக்கத்துக்கு வருவோம். தெற்காசிய நாடுகளின் அமைப்பான சார்க்குக்குப் பொதுப் படை கிடையாது. இரு நாடுகளுக்கிடையிலான பிரச்சினைகளைப் பேசவே கூடாது என்று அதன் சாசனத்திலேயே எழுதியிருக்கிறது. அப்படியிருக்க, துப்பாக்கியோடு ஒரு கூட்டுப் படை இங்கே வருவதை நான் விரும்பவில்லை. எங்கள் ஊர் அதற்கான விலையைக் கொடுத்துத்தான் இருக்கிறது.

ஆனால் 2004 மார்கழி 26ஐயும் மறக்க முடியாது. மணற்காடு, மருதங்கேணிப் பக்கம் கடல் வந்து வாரிக்கொண்டு போன அந்த நாள். அடுத்த நாளுக்குள் இந்தியக் கடற்படைக் கப்பல்கள் உதவியோடு இலங்கைக்கு வந்துவிட்டன. அதே அயல், அதே வேகம், ஆனால் இந்தத் தடவை படகும் மருந்தும் குடிநீரும். 2011இல் சார்க் நாடுகள் மாலைதீவில் இயற்கை அனர்த்தங்களுக்கான விரைவு உதவி உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. அந்தக் காகிதத்துக்கு உயிர் கொடுக்கச் சொல்லித்தான் நாங்கள் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். எட்டு நாடுகளும் ஆளுக்குக் கொஞ்சம் படகு, ஹெலிகொப்டர், வைத்தியர்கள் என்று ஒதுக்கி, வருடத்துக்கு ஒரு தடவையாவது சேர்ந்து பயிற்சி எடுக்கட்டும். செலவைப் பொதுவில் போடட்டும். எத்தனை நாள் நிற்பார்கள், முறைப்பாட்டை யார் எடுப்பார்கள் என்பதை வருவதற்கு முன்னமே எழுதிவைக்கட்டும். அப்படி ஒரு படகு வடமராட்சி கிழக்கில் கரை தட்டும் நாளில், அதிலிருந்து இறங்கும் முதல் ஆள், தாகத்துக்குத் தண்ணீர் என்று தமிழில் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.