வளையலைக் கழற்றாமல் ஓர் அறுவை

நேயர்களுக்கு வணக்கம். பித்தப்பையை அறுத்து எடுப்பதே முப்பது ஆண்டுகளாக என் பிழைப்பு. கர்ப்பிணிகளுக்கு வரும் பித்தப்பைக் கல்லைப் பற்றி வானொலியில் பேசப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். போதுமா என்பதுதான் கவலை.

வளைகாப்பு வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். புளியோதரை, தேங்காய்ச் சாதம், நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல். அதைச் சாப்பிட்ட ஏழாம் மாதக் கர்ப்பிணி ஒருவரை அன்று நள்ளிரவே அழைத்து வந்தார்கள். வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி முதுகுக்கு ஓடித் தோள்பட்டையில் நின்றது. "வாயுதான் டாக்டர், ஓமத் தண்ணீர் கொடுத்தோம்" என்றார் மாமியார். ஓமத் தண்ணீர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இது நான்காவது முறை! மூன்றாம் மாதம் வந்த வலியை மசக்கை என்றார்கள். ஐந்தாம் மாதம் வந்ததை வாயு என்றார்கள். ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல், சுவரும் தடித்திருந்தது.

கர்ப்பத்தில் கல் ஏன்? பிள்ளை தங்குவதற்காகக் கருப்பையைத் தளர்த்திவைக்கும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன், பித்தப்பையையும் சேர்த்துச் சோம்பேறியாக்கிவிடுகிறது. இன்னொரு ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனோ பித்தத்தில் கொலஸ்டிராலை ஏற்றுகிறது. ஓடாத வாய்க்காலில் வண்டல் படிகிறது, அவ்வளவுதான். வலி தராத கல்லை யாரும் தொட வேண்டாம். பிரசவத்துக்குப் பின் தானாகக் கரைவதும் உண்டு.

நான் பேசுவது வலி தரும் கல்லைப் பற்றி. "பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்பார்கள். மருத்துவர்களும்தான் சொல்வோம். காத்திருப்பதில் ஆபத்தே இல்லை என்ற நினைப்பு அதில் இருக்கிறது. வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் ஈடுபடும் அமெரிக்க மருத்துவர் சங்கமான சேஜஸின் வழிகாட்டியைப் பாருங்கள்: அறுவை செய்யாமல் விட்டால், முதல் மூன்று மாதத்தில் வலி வந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு அது திரும்ப வருகிறது. நடு மூன்று மாதத்தில் 64, கடைசி மூன்றில் 44. ஒரு கல் நழுவிக் கணையம் வீங்கினால் பிள்ளைக்கும் சேர்த்து ஆபத்து. மறுபடி சொல்கிறேன், காத்திருப்பதிலும் ஆபத்து இருக்கிறது.

1985இல் ஜெர்மனியின் போப்லிங்கனில் எரிக் மூஹே துளை வழியே பித்தப்பையை எடுத்தபோது சக மருத்துவர்களே ஏற்கவில்லை. கர்ப்பிணிக்கு அந்த முறை ஆகவே ஆகாது என்றுதான் எங்களுக்கும் முதலில் பாடம். இன்று எந்த மாதத்திலும் செய்யலாம் என்கிறது அதே வழிகாட்டி.

நம் பெண்ணுக்கு வருவோம். மாமியார் அறுவைக்குச் சம்மதித்தார். வளையலைக் கழற்றத்தான் சம்மதிக்கவில்லை. பிள்ளை பிறந்தால்தான் கழற்றுவார்களாம். ஊசி போட மணிக்கட்டில் இடமில்லை என்று மயக்க மருத்துவர் முணுமுணுத்தார். கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். நர்ஸ் ஒருவர் பேசாமல் பஞ்சு வைத்து, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை துணிக்கட்டுச் சுற்றிவிட்டார். கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தாமல் இருக்க மேசையை இடப்பக்கம் சாய்த்தோம். கட்டுக்குள்ளிருந்து வளையல் கலகலத்தது! வழக்கமாகத் தொப்புளில் போடும் முதல் துளையை விலாவுக்குக் கீழே போட்டேன். தொப்புளைத் தாண்டிக் கருப்பை ஏறியிருந்தது. அறுவைக்கு முன்னும் பின்னும் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டோம். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். மாதம் நிறைந்து பெண் குழந்தை. வளையலெல்லாம் பிரசவம் பார்த்த நர்சுக்குப் போயிற்று. கட்டுப் போட்டவருக்கு ஒன்றுகூட இல்லை.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். உணவு பற்றி எழுதிவந்த தாள்களை மடித்துவிடுகிறேன். அவசரமாக மூன்று மட்டும். கடைசி மாதங்களில் வலி அடங்கிவிட்டால் பிரசவம்வரை பொறுக்கலாம். கலிஃபோர்னியா மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, அந்தக் கட்டத்தில் அறுவை செய்துகொண்டவர்களிடம் குறைப்பிரசவம் கூடுதலாகத் தெரிந்தது. காய்ச்சலோ, கண்ணில் மஞ்சளோ, நிற்காத வாந்தியோ இருந்தால் விடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பிரசவத்துக்குப் பின் பித்தப்பையை எடுத்தால் தாய்ப்பால் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மயக்கம் நன்றாகத் தெளிந்து, பிள்ளையைத் தூக்கத் தெம்பு வந்ததும் கொடுக்கலாம். வணக்கம்.